உள்ளேன்

என் மேசை இழுப்பறையில், சிவப்பு மைப் பேனாக்களுக்கும் சாக்பீஸ் பெட்டிக்கும் நடுவே, ஒரு எலி கிடக்கிறது. பயந்துவிட வேண்டாம், கணினிக்கு வைத்துக்கொள்ளும் எலிதான். வயர் இல்லாத ரகம். பேட்டரி போடும் இடத்தின் மூடி எப்போதோ தொலைந்து, அங்கே ஒரு ரப்பர் பேண்ட் சுற்றியிருக்கிறது. கட்டைவிரல் படும் பக்கத்தில் கறுப்பு தேய்ந்து வெளுத்திருக்கிறது. முதுகின் நட்டநடுவில் அரக்கு நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. சங்கராபுரத்தில் நான் தமிழ் நடத்தும் பள்ளியில், காலையில் வருகைப் பதிவேட்டை எடுக்க இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அது வழுக்கிக்கொண்டு முன்னால் வரும். உள்ளே தள்ளிவிட்டுப் பதிவேட்டை எடுப்பேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து "உள்ளேன், டீச்சர்" என்பார்கள். அந்தச் சொல்லை ஒரு நாளைக்கு நாற்பது முறை கேட்கிற வேலையாகப் பார்த்து நானே தேடிப் பிடித்திருக்கிறேன் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும். சில நாள் வராது.

அந்த எலி என் அண்ணியுடையது. கல்வராயன் மலை மேல், வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சிற்றூரில் பிறந்து, படிப்புக்காகக் கீழே இறங்கி, கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கி, தமிழ் ஆங்கிலம் இரண்டு தட்டச்சிலும் ஹையர் தேறியவர். அந்தத் தட்டச்சுப் பள்ளிக்கு எதிர் டீக்கடையில் என் அண்ணன் ஒரு வருஷம் டீ குடித்ததன் பலன், அவர் நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தது. நாங்கள் மூன்று தலைமுறையாக வேதக்காரர்கள். கொஞ்சம் நிலம், ஞாயிறு தவறாத கோயில், அவ்வளவுதான் எங்கள் சொத்து. அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: ஞானஸ்நானம் எடுத்துக் கோயிலில் வைத்துத்தான் தாலி கட்ட வேண்டும். அண்ணி சரி என்றார். புதுப் பெயர் வந்தது, நெற்றிப் பொட்டு போனது. பெட்டியில் கொண்டுவந்த பொட்டு அட்டைகளை மட்டும் அவர் எறியவில்லை. ஒருநாள் அலமாரியில் துணி அடுக்கும்போது அவற்றைப் பார்த்துவிட்டுக் கேட்டேன். "காசு குடுத்து வாங்கனது பாப்பா, எதுக்காவது ஒதவும்" என்றார். உதவத்தான் செய்தது.

கைக்குழந்தையோடு வெளி வேலைக்குப் போக முடியாது என்றானபோது அண்ணன்தான் இந்த வேலையைக் கண்டுபிடித்தான். எங்கோ ஒரு நகரத்து நிறுவனம். ஆட்கள் கையால் நிரப்பிய படிவங்களைப் படமெடுத்து அனுப்பும். அவற்றைப் பார்த்துத் தமிழில் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு டேப், நோட்டுப் புத்தக அகலத்தில் ஒரு கீபோர்டு, இந்த எலி, மூன்றும் ஒரே பெட்டியில் கூரியரில் வந்தன. மூன்றுக்கும் நடுவில் ஒரு வயரும் கிடையாது என்பதை அம்மாவால் நம்பவே முடியவில்லை. கையை நடுவில் விட்டு வீசிப் பார்த்தாள். "கண்ணுக்குத் தெரியாத கவுறு இதுடி" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தாள்: "எம் மருமவளுக்கு வூட்டுக்குள்ளயே ஆபீசு. வெயில்ல அலைய வாணாம், பஸ்சுக்கு நிக்க வாணாம். குடுத்து வச்சவ." குழந்தை தவழ ஆரம்பித்த வாரமே டேப்பை இழுத்துக் கீழே போட்டான். திரையில் படம் தெரிந்தது, விரலால் தொட்டால் மட்டும் ஒன்றும் அசையவில்லை. அன்றிலிருந்து எலி இல்லாமல் அதில் எதையும் திறக்கவோ அனுப்பவோ முடியாது என்றாகிவிட்டது. உடைத்ததைச் சொன்னால் வேலையே போய்விடுமோ என்று பயந்து அண்ணி நிறுவனத்துக்குச் சொல்லவில்லை.

டேப்பின் மேல் மூலையில் கடுகளவு ஒரு பச்சைப் புள்ளி. எங்கள் வீட்டில் அதற்குப் பச்சைப் பொட்டு என்று பெயர். காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை அது பச்சையாகவே இருக்க வேண்டும். கீபோர்டோ எலியோ ஐந்து நிமிடம் அசையாவிட்டால் மஞ்சள், அப்படியே விட்டால் சிவப்பு. சிவப்பானால் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்த எண்ணுக்குப் போன் வரும். கொடுத்திருந்தது அண்ணனுடைய எண். ஐந்து நிமிடத்தில் ஒரு பெண்ணால் என்ன செய்ய முடியும்? சோறு வடிக்க முடியாது, குழந்தைக்குக் கால் கழுவிவிட்டுத் துணி மாற்ற முடியாது, நிம்மதியாகக் கழிப்பறைக்குப் போய்வரக்கூட முடியாது. அதனால் அண்ணி எலியை இடுப்பில் செருகிக்கொண்டார். அதன் வயிற்றில் எரியும் சிவப்பு வெளிச்சத்தில் புடவைத் துணி உரசினாலே போதும், உள்ளே டேப்பில் அம்பு அசையும். பாத்திரம் துலக்கும்போதும் துணி அலசும்போதும் அவர் இடுப்பில் அந்த வெளிச்சம் மினுக் மினுக்கென்று தெரியும். "இன்னாங்கண்ணி, மின்மினிப் பூச்சியா?" என்று நான் கேலி செய்வேன். எனக்கு அப்போது பி.எட். முடிந்து, பள்ளிகளுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு, வேளா வேளைக்குச் சாப்பிட்டு வீட்டில் இருந்த காலம். கேலிக்கு என்ன குறைச்சல்.

கயிற்றின் நீளத்தை அண்ணி ஒரே வாரத்தில் அளந்துவிட்டார். முன்பக்கம் வாசல் கேட் வரை. பின்பக்கம் கொல்லையில் துணி துவைக்கும் கல் வரை. கல்லைத் தாண்டி ஓர் அடி வைத்தால் எலிக்கும் டேப்புக்கும் தொடர்பு அறுந்துவிடும். கல்லுக்கு அந்தப் பக்கம் பத்தடியில் எங்கள் கொல்லை முடிந்து பக்கத்து நிலம் தொடங்குகிறது. அங்கே நின்றால், மழை விட்ட மறுநாள் காலையில், மேற்கே தூரத்தில் மலை நீலமாகத் தெரியும். வீட்டில் வேறு எங்கிருந்து பார்த்தாலும் பக்கத்து வீட்டு மாடி மறைக்கும். எட்டு மணிக்கு முன்னால் நிற்க நேரம் கிடையாது. ஐந்துக்கு மேல் போய்ப் பார்த்தால் இறங்கு வெயில் கண்ணில் குத்தும். ஆக, மலையில் பிறந்தவர் மலை தெரிவதற்குப் பத்தடி முன்னாலேயே நின்று திரும்பிவிடுவார். "எங்க மலையில டவரு கெடைக்காது பாப்பா, இங்க டவரு வுட மாட்டேங்குது" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இது போதாதென்று, மணிக்கு ஒரு முறை, எந்த நிமிடம் என்று சொல்லாமல் திரையில் ஒரு கட்டம் வரும். அதில் "உள்ளேன்" என்று அடித்து, கீழே இருக்கும் "அனுப்பு" என்பதை அம்பால் அழுத்த வேண்டும். பத்து நிமிடம் அவகாசம். அனுப்பாவிட்டால் நேராகச் சிவப்புதான். அண்ணி பள்ளிக்கூடப் பிள்ளை போல "உள்ளேன் ஐயா" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடிப்பார், தூளியில் கிடக்கும் குழந்தை அதைக் கேட்டுச் சிரிக்கும். ஒருநாள் அடித்த சொல்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கடேசி எழுத்த எடுத்துட்டா உள்ளே. அவ்ளோதான் பாப்பா வித்தியாசம்" என்றார். தமிழ் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். எனக்கு அது தோன்றியதே இல்லை.

அந்த ஆடி மாதத்தில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. கள்ளக்குறிச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர் வேலை. குறித்த நாளில் பகல் பதினொரு மணிக்கு நேரில் வந்து பத்து நிமிடம் தட்டச்சு செய்து காட்ட வேண்டும். நான் விண்ணப்பங்கள் போட்டுக்கொண்டிருந்தபோது அவரும் யாரிடமும் சொல்லாமல் என் கைபேசியிலேயே ஒன்று போட்டிருக்கிறார். தபால்காரரிடம் கடிதத்தை வாங்கியது நான்தான். அதை மூன்று முறை படித்துவிட்டுச் சொன்னார்: "எலி வளையானாலும் தனி வளை வேணும்னு சொல்லுவாங்க பாப்பா. எனக்கு எலி இருக்குது, வளதான் இல்ல." அண்ணனிடம் அதற்கு முன் ஒரு தடவை வெளி வேலை பற்றிப் பேச்செடுத்திருந்தார். அண்ணன் கெட்டவன் இல்லை. குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. ஆலையில் வேலை முடிந்தால் நேராக வீடு. "வூட்லயே வேல இருக்குது, புள்ளயும் கண்ணு முன்னால இருக்குது, இதுக்கு மேல இன்னா வேணும்?" என்று சிரித்தான். அதட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருக்கலாம். சிரிக்கிறவனிடம் என்னத்தைப் பேசுவது?

நிறுவனத்தில் விடுப்புக் கேட்டாலும் செய்தி அண்ணன் போனுக்குத்தான் போகும். ஆகவே அண்ணிக்கு வேண்டியிருந்தது ஐந்து மணி நேரம். அந்த ஐந்து மணி நேரம் நான் அண்ணியாக இருக்க வேண்டும். "வேல கெடச்சிட்டா நானே அவுருகிட்ட சொல்லிக்கிறேன். கையில வந்தத வாணாம்னு சொல்ல மாட்டாரு" என்றார். எனக்கோ தமிழ்த் தட்டச்சு தெரியாது, கீபோர்டிலோ ஆங்கில எழுத்துகள். அப்போதுதான் பொட்டு அட்டை வெளியே வந்தது. உள்ளேன் என்று அடிக்க ஐந்தே கட்டைகள் போதும். ஐந்து கட்டைகளில் ஐந்து பொட்டு ஒட்டினார், பெரியதிலிருந்து சிறியது வரை, அடிக்க வேண்டிய வரிசைப்படி. "பெருசுலருந்து ஆரம்பி. ரெண்டாவத மட்டும் ரெண்டு தபா அடி. கடேசிச் சின்னது, புள்ளி வைக்கறதுக்கு." மிஞ்சிய ஒன்றை எலியின் முதுகில் ஒட்டினார். "இதுவும் இந்த வூட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததுதான" என்றார். ஒரு வாரம், தினமும் ஐந்து மணிக்கு மேல், நான் உட்கார்ந்து பழகினேன். கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிற அளவுக்குத் தேறினேன். வேறு ஒரு சொல் அடிக்கச் சொல்லியிருந்தால் முழித்திருப்பேன்.

அந்த நாளும் வந்தது. அண்ணன் ஆலைக்குப் போய்விட்டான். அம்மா பக்கத்து ஊரில் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள், மாலைதான் வருவாள். அண்ணி எட்டு மணிக்கு வேலையைத் திறந்து வைத்தார். பெட்டியிலிருந்து நல்ல புடவையை எடுத்துக் கட்டினார். குழந்தைக்குப் பால் கொடுத்துத் தூளியில் போட்டார். கடைசியாக எலியை ஒரு தரம் அசைத்துப் பொட்டு பச்சையா என்று பார்த்தார். என் தலையில் கையை வைத்துவிட்டு எட்டே முக்கால் பஸ்சுக்கு ஓடினார். செருப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. அவர் ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் எலியைத் தேடினேன். மேசை மேல் இல்லை. பாயை உதறினேன், தூளியைத் துழாவினேன், சமையலறையில் டப்பாக்களுக்குப் பின்னால் பார்த்தேன். இடையிடையே ஓடிவந்து கீபோர்டைத் தட்டிப் பொட்டைப் பச்சையாக வைத்துக்கொண்டேன். ஒன்பது இருபதுக்குக் கட்டம் வந்தது. உட்கார்ந்து, பெரிய பொட்டிலிருந்து தொடங்கி, ஒரு பிழை இல்லாமல் "உள்ளேன்" என்று அடித்தேன். எழுத்து அழகாக வந்து நின்றது. அனுப்பத்தான் அம்பு இல்லை. என்டரை அழுத்தினால் அடுத்த வரிக்குப் போனது. அந்த வரியிலும் உள்ளேன் என்று அடித்தேன். திரையைத் தொட்டேன், தட்டினேன், குத்தினேன். வேறு ஏதாவது கட்டையை அழுத்தினால் அனுப்பியிருக்க முடியுமோ என்னவோ, எனக்குத் தெரிந்தது அந்த ஐந்துதான். கட்டம் நிறைய உள்ளேன், உள்ளேன், உள்ளேன் என்று யாருக்கும் போய்ச் சேராமல் நின்றது.

அப்போது போன் அடித்தது. அண்ணி, தன் பட்டன் போனிலிருந்து. பின்னால் சின்னசேலம் பஸ் ஸ்டாண்டு இரைச்சல். கள்ளக்குறிச்சிக்கு அங்கே இறங்கித்தான் வேறு பஸ் மாற வேண்டும்.

"பாப்பா, எலி எங்கிட்ட இருக்குது. எறங்கிப் பொடவைய சரி பண்ணலாம்னு இடுப்புல கை வச்சா, இது இருக்குது. எப்ப சொருவினேன்னே தெரியலம்மா."

எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு வருஷமாகப் பழகின கை. புடவை கட்டி முடித்து, பொட்டைப் பார்த்துவிட்டு, தானாக அதை எடுத்து இடுப்பில் செருகியிருக்கிறது. புதுப் புடவை, பழைய கை.

"கட்டம் வந்துடுச்சுங்கண்ணி. அடிச்சிட்டேன், அனுப்ப முடியல. செவப்பாவப் போவுது."

"இன்னா பண்ணட்டும்? நீயே சொல்லு பாப்பா" என்றார்.

என்னைவிட ஐந்து வயது மூத்தவர், எதற்கும் யாரிடமும் யோசனை கேட்காதவர், என்னைக் கேட்டார். மணி இன்னும் ஒன்பதரை ஆகவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் கூப்பிடு தூரத்தில் நின்றிருக்கும். "போங்கண்ணி, அண்ணன்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். எனக்கு வாய் வரவில்லை. அண்ணன் போன் போட்டால் எடுக்கப்போவது நான். "நீயும் கூட்டாடி?" என்று அம்மா கேட்கப்போவதும் என்னைத்தான். எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம் வேறு. இதையெல்லாம் யோசித்துவிட்டுச் சொன்னேன் என்றாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும். யோசிக்கவே இல்லை. பயம்தான் பேசியது.

"வந்துடுங்கண்ணி" என்றேன்.

"சரி பாப்பா."

அவர் வந்து சேர்ந்தபோது மணி பத்தேகால் தாண்டியிருந்தது. கட்டம் தானாகப் போய்விட்டிருந்தது, பொட்டு சிவப்பாகியிருந்தது. நல்ல புடவையை மாற்றக்கூட இல்லை, அப்படியே உட்கார்ந்து படிவங்களை அடிக்க ஆரம்பித்தார். அண்ணனுடைய போன் எப்போது வரும் என்று நான் வாசலுக்கும் அறைக்குமாக நடந்தேன். பதினொரு மணிக்கு அண்ணி சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர் விரல்கள் வேகமெடுத்தன. தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி ஒரே சத்தம், நடுவில் ஓர் இடைவெளி இல்லை. அவர் அவ்வளவு வேகமாக அடித்து நான் கேட்டதில்லை. என்ன படிவம் இது என்று தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். திரையில் எந்தப் படிவமும் இல்லை. பத்து நிமிடம் ஆனதும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

போன் வரவே இல்லை. ஐந்து மணிக்கு டேப்பில் ஒரு செய்தி வந்தது. நிறுவனத்தின் பக்கத்துக் கோளாறால் காலை ஒன்பதரையிலிருந்து எல்லோருக்கும் சிவப்பு காட்டியிருக்கிறது, பொருட்படுத்த வேண்டாம், இன்று அனைவரும் உள்ளவர்களாகவே கொள்ளப்படுவர் என்று எழுதியிருந்தது. அன்று எங்களை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தது நாங்கள் மட்டும்தான். அண்ணி அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "மலையக் கெல்லி எலியப் புடிச்சாங்கன்னு சொல்லுவாங்க இல்ல? நான் மலைய வுட்டுட்டு எலியப் புடிச்சிகினேன் பாப்பா" என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவே இல்லை. அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது.

மறுவருஷம் எனக்குக் கல்யாணமாகிச் சங்கராபுரம் வந்தேன், வேலையும் கிடைத்தது. அந்த நிறுவனம் பிறகு ஒருநாள் வேலையை நிறுத்திக்கொண்டது. பச்சைப் பொட்டும் போயிற்று, மணிக்கொரு கட்டமும் போயிற்று. தூளியில் கிடந்தவன் இப்போது நான்காம் வகுப்பு. ஆனால் "வந்துடுங்கண்ணி" என்ற சொல் என்னைவிட்டுப் போகவில்லை. புறங்கையில் ஒட்டின பிசின் மாதிரி அது இருந்துகொண்டே இருந்தது. மன்னிப்புக் கேட்கவும் துணிவில்லை, மறக்கவும் முடியவில்லை.

போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் போயிருந்தேன். வெள்ளையடிப்பதற்காக அண்ணி பழைய பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்தார். துணிகளுக்கு அடியில் எலி கிடந்தது, பொட்டோடு. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, "நேத்து மழ பேஞ்சிது, மலை தெரியும், வாங்கண்ணி பாக்கலாம்" என்று கொல்லைக்குக் கூப்பிட்டேன். பேசிக்கொண்டே வந்தார். துவைக்கும் கல் வந்ததும் கால் நின்றுவிட்டது. கை தானாக இடுப்புக்குப் போனது. இடுப்பில் ஒன்றும் இல்லை. "நீ போயிப் பாத்துட்டு வா பாப்பா" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. அங்கேயே நின்று சொல்லிவிட்டேன். "அன்னைக்கு நான் போங்கன்னு சொல்லியிருக்கணுங்கண்ணி."

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

"நீ சொல்லித்தான் வந்தேன்னா நெனச்சிகினு இருக்கற? ஒனக்குப் போன் போட்டப்பவே நான் நம்மூரு பஸ்சுல ஏறி ஒக்காந்துட்டேன் பாப்பா. எலி கையில பட்டதும் காலு தன்னால இந்தப் பக்கம் வந்துடுச்சி." கல்லின் மேல் காய்ந்திருந்த சோப்பு நுரையை விரலால் சுரண்டினார். "நீயாவது போன்னு சொல்லுவியான்னுதான் கேட்டேன்."

உள்ளேயிருந்து அம்மா, "யாரு கொல்லையில?" என்று குரல் கொடுத்தாள். "நாந்தாங்கத்தே, இங்கதான் இருக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே அண்ணி உள்ளே போய்விட்டார். நான் மலையைப் பார்க்காமலே திரும்பினேன். கிளம்பும்போது எலியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நேற்றுக் காலை வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து இறங்கி விடுதியில் தங்கிப் படிக்கிற பெண் ஒருத்தி, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே "உள்ளேன், டீச்சர்" என்றாள். வழக்கமாக ஒரு அதட்டல் போடுவேன். நேற்று எழுந்து ஜன்னல் பக்கம் பார்த்தேன். மழை விட்டு மலை பளிச்சென்று தெரிந்தது. "வெளிய போயி நின்னு பாத்துட்டு வா" என்றேன். அவள் நம்பாமல் முழித்தாள். "போ" என்றேன், மறுபடியும். பாதி எழுந்தவள் சுற்றியிருந்த பிள்ளைகளைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பரவால்ல டீச்சர்" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டாள்.

அவள் பெயருக்கு எதிரே குறி போட்டுவிட்டுப் பதிவேட்டை வைக்க இழுப்பறையை இழுத்தேன். எலி வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தது.